மாப்பிள்ளை, வாத்தியார், மொட்டை

மூன்று மணிக்கு முதலாளி நாச்சிமுத்துவின் அறைக்குப் போய் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பெயர். சொல்லிவிட்டால் இன்னும் சில வருடங்களுக்கு அதுதான். நடுவில் மாற்றுவது என்றால் ஓடுகிற பஸ்ஸுக்குச் சக்கரம் மாற்றுகிற வேலை. பாருங்கள், பஸ்தான் வருகிறது. ஒரு மாதமாக எதை நினைத்தாலும் பஸ். கோயம்புத்தூரிலிருந்து தெற்கே போகிற ராத்திரிப் பஸ்கள் வைத்திருக்கிற கம்பெனிக்குச் சீட்டுப் பதிவு செய்கிற இணையப் பக்கத்தைப் புதிதாக, அடியிலிருந்து கட்டித் தருகிறோம். பொத்தான், பெட்டி, நாள்காட்டி, கீழே விரிகிற பட்டியல் என்று ஒவ்வொன்றையும் கையால் இழைத்துச் செய்த காலம் போய்விட்டது. இப்போது எல்லாம் செய்து வைத்த தொகுப்பாகவே கிடைக்கிறது. காம்பொனென்ட் லைப்ரரி என்பார்கள். நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் கடையில் வாங்கி வந்து பொருத்தி வீடு கட்டுகிற மாதிரி. ஜன்னல். வேண்டாம், அதை இப்போது நினைக்கக் கூடாது. மூன்று தொகுப்புகள். மூன்றின் உண்மைப் பெயர்களும் வாயில் நுழையாதவை என்று கூட வேலை செய்கிற மிருதுளா அவளாகவே பெயர் வைத்துவிட்டாள். பார்க்க அழகானது மாப்பிள்ளை. விதிகள் விளக்கங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பது வாத்தியார். அலங்காரம் எதுவும் இல்லாமல் வெறும் எலும்பாக வருவது, நாமே சாயம் பூசிக்கொள்ள வேண்டியது, மொட்டை. இந்தப் பெயர்கள் இப்போது நாச்சிமுத்து வாயிலும் ஏறிவிட்டன. பஸ் கம்பெனிக்காரர் மகனிடம் போனில், "மாப்பிள்ளையவே முடிச்சுருவோமுங்க" என்று அவன் சொல்ல, அந்தப் பையன் எந்த மாப்பிள்ளை என்று கேட்டிருப்பான் போல, இவன் சிரித்துக்கொண்டே வராந்தாவுக்குப் போய்விட்டான். மிருதுளாவுக்கு வீட்டில் வரன் பார்க்கிறார்கள். "சார், மாப்பிள்ளை பாக்க ஜம்முன்னு இருக்காருங்க சார். கேள்வி கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தவரு மாதிரியே." நான் சிரித்தேன். சிரித்தேனா? வாயைக் கோணியிருப்பேன். என் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது மேசைக்கு அடியில். நிறுத்தினால் இன்னொரு கால் ஆடுகிறது.

வாய் திறக்காத பொத்தான். அந்தச் சொல் ரூபாவினுடையது. மிருதுளாவுக்கு அது தெரியாது. இந்த அலுவலகத்தில் யாருக்கும் ரூபாவைத் தெரியாது; மனைவி இறந்தவர் என்ற அளவில் தெரியும், நானே சமைத்துக் கொண்டு வருகிற எலுமிச்சைச் சாதத்தில் உப்பு கூடிப்போனால் தெரியும். ரூபவதிக்குப் பார்வை ஒரு நாளில் போகவில்லை. சர்க்கரை அதைக் கரையான் மாதிரி ஓரத்திலிருந்து தின்றது. முதலில் காலண்டர் தேதி போயிற்று, அப்புறம் அரிசியில் கல், அப்புறம் என் முகம். அவள் அழுததை நான் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைச் சொல்லித்தாங்க என்றாள். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிற மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைத்தது, போட்டுக் கொடுத்தேன். அதன் தமிழ்க் குரல் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, மூக்கடைத்த குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல் உச்சரித்துக்கொண்டே போகும். ரூபா அதற்கு மூக்கடைப்பு அண்ணாச்சி என்று பேர் வைத்தாள். "இன்னைக்கு அண்ணாச்சி என்ன சொல்லுதாரு?" என்று கேட்டால், "அண்ணாச்சிக்குக் கோட்டி பிடிச்சிட்டு, எல்லாத்தையும் பொத்தான் பொத்தான்னே சொல்லுதாரு" என்பாள். தவறு அண்ணாச்சி மேல் இல்லை. பக்கத்தைச் செய்தவர்கள் பொத்தானுக்கு ஒரு படத்தை மட்டும் வைத்துவிட்டுப் பெயர் எழுதாமல் விட்டிருப்பார்கள். கண் இருப்பவனுக்கு அது குப்பைத் தொட்டி, பூதக்கண்ணாடி, வீடு. அவளுக்கு பொத்தான், பொத்தான், பொத்தான். "இது எந்த ஊமைப் பொத்தான்? வாயத் தொறந்து சொன்னாத்தானல்லா தெரியும்?" இதை நினைக்கும்போதே பாருங்கள், சொற்கள் வருகின்றன, குரல் வரவில்லை. தொறந்து என்பதில் எங்கே அழுத்துவாள்? தெரியும் என்பதை இழுப்பாளா? இரண்டு மாதமாக இதுதான். அவள் சொன்ன சொற்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன, ஆனால் வாசித்துக் காட்டுவது அண்ணாச்சி. என் மனைவியின் வார்த்தைகளை எனக்குள் மூக்கடைத்த குரல் ஒன்று படிக்கிறது. பழைய கைபேசியில் அவள் பேசிய பதிவு ஒன்றிரண்டு இருந்தது. பேட்டரி உப்பிக்கொண்டு போனதோடு அதுவும் போயிற்று.

சரி, வேலைக்கு வா. மவுஸைக் கவிழ்த்துப் போடு. சோதிக்கும்போது அதை மல்லாக்கப் போட்டுவிடுவது என் வழக்கம், வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடக்கும் வண்டு மாதிரி கிடக்கும், அப்போதுதான் கை தானாக அதற்குப் போகாது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொள். கண்ணை மூடு. இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் பாளையங்கோட்டையில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது யாரும் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து அதன் மூல எழுத்துகளைப் பார்ப்பேன், சட்டையைத் திருப்பித் தையலைப் பார்க்கிற மாதிரி. அப்படிப் படித்ததுதான் எல்லாம். முன் மேசையில் ரூபா உட்கார்ந்திருப்பாள். "மூணாம் நம்பர், நேரம் முடிஞ்சிட்டு!" என்று அவள் கூப்பிட்டால் அடைப்புக்குள் இருக்கிற பையன்கள் எதையோ அவசரமாக மூடுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. கூப்பிட்ட குரல் இல்லை. என்ன காது இது. டேப் விசை. ஒரு தட்டு, பக்கத்தில் அடுத்ததற்கு ஒரு நகர்வு; விசை போய் நிற்கிற இடத்தை அண்ணாச்சி வாசிப்பார். வாத்தியாரை முதலில் பார்த்தாயிற்று, காலையிலேயே. ஒழுங்கானவர். எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது, எந்தப் பெட்டி திறந்தாலும் விசை அந்தப் பெட்டிக்குள்ளேயே சுற்றுகிறது, மூடினால் கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வருகிறது. ஆனால் தமிழில் எழுதினால் பொத்தானின் உயரம் போதாமல் கொம்பும் சுழியும் வெட்டுப்படுகின்றன. அதைச் சரிசெய்யப் போனால் பத்து இடத்தில் வேறு ஏதாவது இடிக்கும். மொட்டை நல்லது. ஆனால் மொட்டைக்கு முடி நாம்தான் வைக்க வேண்டும், அதற்கு ஆள் இல்லை. இந்த அலுவலகத்தில் நாங்கள் மொத்தமே ஒரு வேனில் அடங்கிவிடுவோம். மாப்பிள்ளை. மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு முன்பே ஒரு முடிவு இருந்தது. வேறொரு வேலைக்காக ஒரு தடவை பார்த்தபோது, பெட்டி திறந்தது, விசையோ பெட்டிக்குள் போகாமல் பின்னால் மறைந்து கிடந்த பக்கத்தில் அலைந்துகொண்டிருந்தது. அப்போது ரூபா பக்கத்தில் இருந்தாள். "வீட்டுக்கு வாங்கன்னு கூப்ட்டுட்டு வாசல்லயே நிக்க வச்சிட்டானே!" அன்றைக்கே மாப்பிள்ளையை நான் தள்ளி வைத்துவிட்டேன். மூன்று மணிக்குச் சொல்லப்போவது இதுதான்: மாப்பிள்ளை வேண்டாம், வாத்தியார். நாச்சிமுத்துவின் முகம் எப்படிப் போகும் என்றும் தெரியும். அண்ணா சொன்னா சரிங்ணா என்பான், ஆனால் மனசுக்குள் கிழவருக்குப் புதுசு ஒத்துக்கறதில்லை என்று நினைப்பான். நினைக்கட்டும். சொல்வதற்கு முன் மாப்பிள்ளையையும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

தட்டு. ஊர் எங்கிருந்து, தட்டு. ஊர் எங்கே, தட்டு. பட்டியல் விரிந்தது, அண்ணாச்சி வாசிக்கிறார், திருநெல்வேலி என்கிறார், தேர்ந்தெடுக்கப்பட்டது என்கிறார். நாள்காட்டி. கீழ் அம்பு, கீழ் அம்பு, வெள்ளிக்கிழமை. நிற்கிறேன். சரியாகச் சொல்கிறதே. பெட்டியைத் திறக்கிறேன், விசை உள்ளே போகிறது. மூடுகிறேன், திரும்பி வருகிறது. மறுபடி திறக்கிறேன். மறுபடி. வேண்டுமென்றே வேகமாகத் தட்டுகிறேன், ரூபாவுக்குப் பொறுமை போன நாட்களில் தட்டுவாளே அப்படி, தப்பித்து வெளியே விழுகிறதா பார்க்க. விழவில்லை. கண்ணைத் திறந்து மாற்றங்களின் குறிப்பைத் தேடிப் பார்த்தால், போன வருடம் எவனோ, எந்த ஊரிலோ, உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்திருக்கிறான். ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறான். மாப்பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டது. நான் ஏன் சந்தோஷப்படவில்லை? நெஞ்சில் ஏதோ இறங்குகிறது, ஏமாற்றம் மாதிரி, பிடித்து வைத்திருந்த கோபத்தை யாரோ கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனது மாதிரி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிய ஒரு பொருள் உலகத்தில் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன் போல. அது திருந்தினால் அவள் சொன்னதும் பழசாகிவிடும். அசிங்கமான நினைப்பு. அப்படியானால் வாத்தியாரைச் சொல்லப்போனது யாருக்காக? இனிமேல் சீட்டுப் போடப்போகிற, கண் தெரியாத யாரோ ஒருவருக்காகவா, இல்லை இனிமேல் எங்கேயும் பயணம் போகாத ஒருத்திக்காகவா? ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது கீழே வைத்த டப்பாவில். கால் ஆடுகிறது. மணி இரண்டரை இருக்குமா.

இருக்கைப் படம். அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் சுற்றிச் சுற்றி வருகிறேன் என்பது எனக்குத் தெரியும், காலையிலிருந்தே தெரியும். மாப்பிள்ளையை வைத்து மிருதுளா மாதிரிக்கு ஒரு பஸ் வரைந்திருக்கிறாள். பச்சை காலி, சாம்பல் போனது, ரோஸ் பெண்கள் மட்டும். தட்டு. நாள்காட்டி. தட்டு. அண்ணாச்சி சொல்கிறார்: பணம் செலுத்துக, பொத்தான். நான் பின்னால் போகிறேன். நாள்காட்டி. முன்னால். பணம் செலுத்துக. நடுவில் ஒன்றுமில்லை. அத்தனை இருக்கையும், ஜன்னலும், படியும், டிரைவரும், ஒரே தட்டில் கடந்து போய்விட்டன. கை காட்டக் காட்ட நிறுத்தத்தில் நிற்காமல் போகிற பஸ், புழுதியை மட்டும் விட்டுவிட்டு. வாத்தியாரில் தேடினேன், மொட்டையில் தேடினேன். எதிலும் பஸ் இல்லை. வெளிநாட்டுக்காரன் செய்து வைத்த தொகுப்பில் நாள்காட்டி இருக்கும், நட்சத்திரம் போட்டு மதிப்பெண் கொடுக்கிற பட்டை கூட இருக்கும், பக்கத்தில் பொம்பளை இருக்கிறாளா என்று பார்த்து உட்கார வேண்டிய ராத்திரிப் பஸ் எப்படி இருக்கும்? கண் தெரியாதவர்களும் சீட்டுப் போடுவார்களே என்று நாச்சிமுத்துவிடம் போன வாரமே லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "ஏனுங்ணா, பழைய பக்கத்துல புகார் எழுதற எடம் இருக்குதல்லோ. வருசம் பூரா பாத்துட்டனுங்ணா. கண்ணு தெரியாதவங்க ஒருத்தரு கூட எழுதலீங்ணா. பந்திக்கு வராத ஆளுக்கு எதுக்குங்ணா எலை?" எப்போதுமே எனக்குப் பதில் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும். இந்தத் தடவை வீட்டிலும் வரவில்லை. நிஜமாகவே யாரும் இல்லையோ? ரூபா ஒருத்திதானோ? நான்தான் ஒரு ஆளை ஊராக நினைத்துக்கொண்டிருக்கிறேனோ?

"சார்." மிருதுளா. காதிலிருந்து கழற்றுகிறேன். சாப்பிட்ட டப்பாவைக் கழுவிய ஈரக் கையோடு நிற்கிறாள், முகம் சிரிப்பை அடக்கி வைத்திருக்கிறது. "சார், அந்தப் புகார்ப் பக்கத்த நீங்க செய்யற மாதிரியே மவுஸு இல்லாமப் போய்ப் பாத்தனுங்க சார். எல்லாம் எழுதி முடிச்சா கடைசில என்ன கேக்குது தெரியுங்களா? நீங்க மனுசன்தான்னு நிரூபிக்கோணுமாம். படத்துல கோணல்மாணலா எழுத்து இருக்குது, அதப் பாத்து அடிக்கச் சொல்லுது!" எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிகிறது. பார்வை இல்லாதவர் யாரும் புகார் எழுதவில்லை. எழுத வேண்டுமானால் பார்வை வேண்டும். "அதோட விடலீங்க சார், பஸ் ஆபீஸுக்கே போன் பண்ணிக் கேட்டுட்டேன். டிக்கெட் போடறவரு காளியப்பன்னு. அட, மாசாமாசம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரு கூப்புடுவாருங்களேங்கறாரு. கண்ணு தெரியாதவராமா. இன்னும் நாலஞ்சு பேரு இருக்காங்களாமா. எந்த சீட்டுக் கேப்பாங்கன்னேன். கேக்கறதெங்கீங்க, அவங்க என்ன பாக்கவா போறாங்க, கடைசில எது மிஞ்சுதோ அதப் போட்டுடறதுங்கறாரு." அவள் இதையும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிப்பு இல்லை. அவர்கள் என்ன பார்க்கவா போகிறார்கள். ரூபா எப்போதும் ஜன்னல் ஓரம்தான் கேட்பாள். பார்வை முழுதாகப் போன பிறகும். அக்கா வீட்டுக்குத் திருநெல்வேலி போகிற பஸ்ஸில் நான் ஒரு தடவை கேட்டேன், ஜன்னல் எதற்கு என்று. "கண்ணாலயா பஸ்ஸுல போகுதாக? காத்து மாறுதுல்லா. தாராபுரம் தாண்டினா ஒரு காத்து, கோயில்பட்டில ஒரு காத்து. ஊரு வந்துட்டுன்னு எனக்கு உங்களுக்கு முன்னாலயே தெரியும்." தெரியத்தான் செய்தது. நான் தூங்கிக்கொண்டிருப்பேன், அவள் என்னை எழுப்புவாள். அந்த வாத்தியாரும் இப்படித்தானோ? சக்கரத்துக்கு மேலே கடைசி இருக்கையில், இஞ்சின் சூட்டில், யாரோ மிச்சம் வைத்த இடத்தில் ராத்திரி முழுக்க.

நாச்சிமுத்துவின் அறையில் ஏ.சி. அதிகம். "சொல்லுங்ணா. மாப்பிள்ளையா, வாத்தியாரா?" மிருதுளா என்னைப் பார்க்கிறாள்; நான் வாத்தியாரைச் சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும், சண்டைக்குத் தயாராக என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறாள். "மாப்பிள்ளை" என்கிறேன். அவள் வாய் திறந்தபடி நிற்கிறது. நாச்சிமுத்து மேசையைத் தட்டுகிறான். "அப்பிடிப் போடுங்ணா! நானே பயந்துட்டிருந்தனுங்." பேச்சு இப்போது நன்றாக வருகிறது, நானே பார்த்துவிட்டேன், ஆனால் அதில் பஸ் இல்லை என்கிறேன். எதிலுமே இல்லை என்கிறேன். இருக்கைப் பகுதியை மட்டும் கையால் செய்ய வேண்டும், கண் இல்லாமலும் தேர்ந்தெடுக்கிற மாதிரி, நான் செய்கிறேன் என்கிறேன். ஆகாது என்றால் என்ன செய்வேன்? எழுந்து போவேனா? இந்த வயதில் எங்கே? ஆனால் இதைச் செய்யாமல் ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டு வர முடியாது, அது இப்போதுதான் தெரிகிறது. அவன் எலையைப் பற்றி மறுபடி ஆரம்பிக்கிறான். அதற்குள் மிருதுளா புகார்ப் பக்கத்தின் கதையைச் சொல்லிவிடுகிறாள். அவன் நெற்றியில் அடித்துக்கொள்கிறான். "அட கெரகத்த! அந்தப் படத்த வெச்சதே நாந்தானுங்ணா." பிறகு பேனாவை எடுக்கிறான். "எத்தன நாள் ஆகுமுங்ணா?" "தெரியல." "தோராயமா?" "தெரியலப்பா. இதுக்கு முன்னால செஞ்சதில்ல." அவன் பேனாவை மூடி வைக்கிறான். "சேரி, செய்யுங்ணா. ஆனா பஸ்காரரு பையன் பாத்தா அழகாவும் இருக்கோணும்." அழகாகவும் இருக்கும், என்கிறேன்.

மறுபடி என் இடம். முடிந்தது என்று உடம்பு இன்னும் நம்பவில்லை, கால் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. மவுஸைக் கவிழ்க்கிறேன். ஒரு இருக்கை. ஒன்றே ஒன்று செய்து பார்ப்போம். பன்னிரண்டு ஏ என்று எழுதிவிட்டு அழிக்கிறேன். பன்னிரண்டு ஏ என்றால் யாருக்கு என்ன தெரியும். ஒரு இருக்கை தன்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டும்? ஜன்னல் ஓரம் என்று முதலில். அதுதானே ஆசை. முன்னாலிருந்து நாலாவது வரிசை. இடது பக்கம். படிக்குப் பக்கத்தில். பக்கத்து இருக்கையில் பெண் பயணி. பதிவாகிவிட்டது. மிருதுளாவின் படத்தில் இந்த இருக்கை சாம்பல், அதையும் சொல்ல வேண்டுமே. வரிசையாக எழுதுகிறேன், காதில் மாட்டுகிறேன், கண்ணை மூடுகிறேன், டேப். மூக்கடைப்பு அண்ணாச்சி நிதானமாகச் சொல்கிறார்: ஜன்னல் ஓரம். முன்னாலிருந்து நாலாவது வரிசை. இடது பக்கம். படிக்குப் பக்கத்தில். பக்கத்து இருக்கையில் பெண் பயணி. பதிவாகிவிட்டது. நன்றாக இருக்கிறது. நான் அடுத்ததற்கு விரலைக் கொண்டு போகிறேன், அப்போது, "இது என்ன அநியாயம்! ஜன்னலு, நாலாவது வரிசைன்னு ஆசையக் காட்டிட்டுக் கடைசில இல்லங்காரே அண்ணாச்சி. காலியா இல்லையான்னு மொதல்லச் சொல்லச் சொல்லுங்க. பெறவுல்லா ஜன்னல்!"

கையை எடுக்கிறேன். இது அண்ணாச்சியின் குரல் இல்லை. பெறவுல்லா என்பதில் லா சற்று மேலே ஏறி, கடைசியில் ஒரு சிரிப்பு உடைந்தது. ஜன்னல் என்பதை அவள் எப்போதும் அவசரமாகச் சொல்வாள், யாரோ பிடித்துவிடுவார்கள் என்பது போல. அப்படித்தான் சொன்னாள். திரும்பிப் பார்க்கவில்லை, திரும்ப மாட்டேன், எனக்கு வயதாகிவிட்டதே தவிர புத்தி போகவில்லை. அவள் சொன்னது சரி. காலியா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி; இல்லாத இருக்கையின் ஜன்னலை எதற்கு ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஒவ்வொரு இருக்கையாக, ஒரு பஸ் முழுக்க? கடைசிச் சொல்லை வெட்டி முதலில் ஒட்டுகிறேன். இரண்டாவது இருக்கைக்கும் அதே முறையில் எழுதுகிறேன். கண்ணை மூடிக்கொள்கிறேன். டேப். "பதிவாகிவிட்டது" என்று அண்ணாச்சி சொன்ன உடனேயே தாண்டுகிறேன், மீதியைக் கேட்க வேண்டியதில்லை. டேப். "காலி" என்கிறார் அண்ணாச்சி. "ஜன்னல் ஓரம்." விசையை விடாமல், அவள் அடுத்து என்ன குறை சொல்லப் போகிறாள் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.